சீரியல் போர்ட்டில் வரும் பைட்டுகளைப் பிழையில்லாமல் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சீரியல் போர்ட்டைப் படிக்கும் நிரல்கள் பலவும் மேசைமேல் வைத்துப் பார்க்கும்போது ஒழுங்காக ஓடும். நான்கு நாள் தொடர்ந்து ஓடவிட்டால் எங்காவது ஓரிடத்தில் உளறும். 26 என்று காட்டிக்கொண்டிருந்த தூசி அளவு திடீரென்று 6656 ஆகிவிடும். சற்று நேரத்தில் தானாகவே சரியாகும், அல்லது அணைத்துப் போடும்வரை சரியாகாது. உடனே ஒயரை மாற்றுவார்கள், சென்சாரை மாற்றுவார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. 26-ஐ 256-ஆல் பெருக்கிப் பாருங்கள், 6656 வரும். நிரல் ஒரு பைட் தள்ளிப் படித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சீரியல் போர்ட் என்பது பைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வாய்க்கால். அதில் செய்தி, வரி, பொட்டலம் என்று எதுவும் கிடையாது. ஒரு செய்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை வன்பொருளும் சொல்லாது, இயங்குதளமும் சொல்லாது. நீங்கள் ஒருமுறை 'ரீட்' அழைத்தால் அரைச் செய்தி வரலாம், ஒன்றரைச் செய்தி வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். எல்லையைக் கண்டுபிடிப்பது முழுக்க முழுக்க உங்கள் நிரலின் பொறுப்பு. இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு உண்மையிலிருந்து கிளைப்பதுதான்.

எடுத்துக்காட்டுக்குக் காற்றிலுள்ள தூசியை அளக்கும் பிளான்டவர் பிஎம்எஸ்5003 சென்சாரை எடுத்துக்கொள்வோம். எளிதில் கிடைக்கிறது, கேட்காமலே தரவை அனுப்பிக்கொண்டிருக்கிறது, தொடக்கக் குறி, நீளம், செக்சம் (பைட்டுகள் சரியாக வந்தனவா என்று சோதிக்கும் எண்) மூன்றும் அதன் ஃபிரேமில், அதாவது ஒரு முழுச் செய்தியில், இருக்கின்றன. படிக்கும் நிரலைப் பைத்தானில் பைசீரியல் நூலகத்தைக் கொண்டு லினக்ஸில் எழுதுவதாக வைத்துக்கொள்கிறோம். வேறு மொழியில் எழுதினாலும் தர்க்கம் மாறாது.

இணைப்பு

சென்சாரில் 1.25 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட 8 முனை இணைப்பி இருக்கிறது. முதல் முனை 5 வோல்ட், இரண்டாவது கிரவுண்ட், ஐந்தாவது சென்சார் அனுப்பும் டிஎக்ஸ். படிக்க மட்டும் இந்த மூன்று ஒயர் போதும். டிஎக்ஸ் ஒயரை யூஎஸ்பி-டிடிஎல் மாற்றியின் (சென்சாரைக் கணினியின் யூஎஸ்பியோடு இணைக்கும் சிறு பலகை) பெறும் முனையான ஆர்எக்ஸில் செருகுங்கள். மூன்றாவது முனையான செட்டை எதிலும் இணைக்காமல் விட்டால் சென்சார் இயல்பாக வேலை செய்யும். கிரவுண்டில் இணைத்தால் தூங்கிவிடும்.

மின்னழுத்தத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கும் மின்விசிறிக்கு 5 வோல்ட் வேண்டும், ஆனால் தரவு முனைகள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. சென்சாருக்குக் கட்டளை அனுப்ப நான்காவது முனையையும் இணைப்பதானால், மாற்றியின் டிஎக்ஸ் 3.3 வோல்ட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல மாற்றிகளில் இதற்கு ஒரு ஜம்பர் இருக்கும். பழைய கணினியின் 9 முனை ஆர்எஸ்-232 போர்ட்டில் நேரடியாக எதையும் இணைக்காதீர்கள். அங்கே மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் பல வோல்ட் போகும், தர்க்கமும் தலைகீழ். இடையில் மேக்ஸ்3232 போன்ற சிப் கட்டாயம் வேண்டும்.

ராஸ்பெரி பையில் நேரடியாக இணைப்பவர்கள் 10-ஆவது முனையில், அதாவது ஜிபிஐஓ 15-இல், சென்சாரின் டிஎக்ஸை இணைக்கலாம். ஆனால் அந்தப் போர்ட்டில் லினக்ஸின் லாகின் கன்சோல் ஓடிக்கொண்டிருக்கலாம். 'ராஸ்பி-கான்ஃபிக்'கில் சீரியல் கன்சோலை நிறுத்தி, சீரியல் வன்பொருளை மட்டும் இயங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் பைட்டுகளைக் கன்சோலும் சேர்ந்து தின்றுகொண்டிருக்கும்.

போர்ட்டைக் கண்டுபிடித்தல்

சிஹெச்340, சிபி2102, எஃப்டிடிஐ சிப் கொண்ட மாற்றிகள் 'டிடிஒய்யூஎஸ்பி0' என்றும், ஆர்டுயினோ ஊனோ போன்றவை 'டிடிஒய்ஏசிஎம்0' என்றும் 'டெவ்' அடைவில் தோன்றும். மாற்றியைச் செருகியவுடன் 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளையின் கடைசி வரிகளைப் பார்த்தால் பெயர் தெரியும்.

அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் 'சூடோ' போட்டு ஓட்டப் பழகாதீர்கள். டெபியன், உபுண்டு இரண்டிலும் உங்கள் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் போதும். ஆர்ச் லினக்ஸில் அந்தக் குழுவின் பெயர் 'யூயூசிபி'.

எண்ணை நம்பி நிரலில் எழுதக் கூடாது. இரண்டு கருவிகள் இருந்தால் மறுதொடக்கத்தில் 0-உம் 1-உம் இடம் மாறும். 'டெவ்' அடைவுக்குள் 'சீரியல்', அதற்குள் 'பை-ஐடி' என்ற அடைவில் ஒவ்வொரு கருவிக்கும் நிலையான பெயர் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். ஒரு சிக்கல்: மலிவான சிஹெச்340 மாற்றிகளில் வரிசை எண் கிடையாது. அப்படி இரண்டைச் செருகினால் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வரும். அப்போது எந்த யூஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பெயர் தரும் 'பை-பாத்' அடைவுதான் கைகொடுக்கும்.

உபுண்டு 22.04-இல் சிஹெச்340 மாற்றியைச் செருகியதும் போர்ட் தோன்றி உடனே மறைந்தால், பிரெய்ல் திரைகளுக்கான 'பிஆர்எல்டிடிஒய்' சேவை அதைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். பிரெய்ல் திரை பயன்படுத்தாத கணினி என்றால் அதை நீக்கலாம்.

நிரல் எழுதும் முன் கண்ணால் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு நாள்கணக்கில் அலைகிறார்கள். 'எஸ்டிடிஒய்' கட்டளையால் போர்ட்டை 9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்) வேகத்துக்கும், பைட்டுகளை மாற்றாமல் தரும் 'ரா' நிலைக்கும் மாற்றி, 'ஓடி' கட்டளையால் ஒவ்வொரு பைட்டையும் பதின்ம எண்ணாகத் திரையில் ஓடவிடுங்கள். 66, 77, 0, 28 என்ற நான்கு எண்கள் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஒயரும் வேகமும் சரி.

'ரா' நிலையை ஏன் வலியுறுத்துகிறோம்? லினக்ஸ் ஒரு சீரியல் போர்ட்டைப் பழைய காலத்துத் தட்டச்சு முனையமாகவே நினைத்துக்கொள்கிறது. மென்பொருள்வழி ஓட்டக் கட்டுப்பாடு இயங்கிக்கொண்டிருந்தால் 17, 19 ஆகிய பைட்டுகளை 'தொடங்கு', 'நிறுத்து' என்ற கட்டளைகளாக எடுத்து விழுங்கிவிடும். உள்ளீட்டு மாற்றம் இயங்கினால் 13 என்ற பைட் 10 ஆக மாறிவிடும். எழுத்துகளை மட்டும் அனுப்பும் கருவியில் இது வெளியே தெரியாது. இருமத் தரவில், தூசி அளவு சரியாக 17-ஐத் தொடும்போது மட்டும் ஃபிரேம் உடையும். 18 ஆனதும் சரியாகிவிடும். இப்படி ஒரு பிழையைக் காரணம் தெரியாமல் தேடுவது கொடுமை. பைசீரியல் போர்ட்டைத் திறக்கும்போது இந்த மாற்றங்களை எல்லாம் தானே நிறுத்திவிடுகிறது. சி மொழியில் நேரடியாக எழுதுகிறவர்கள் 'டெர்மியாஸ்' அமைப்பில் 'சிஎஃப்மேக்ரா' அழைக்க மறக்கக் கூடாது.

போர்ட்டைத் திறத்தல்

நிறுவ வேண்டிய தொகுப்பின் பெயர் 'பைசீரியல்'. நிரலில் இறக்குமதி செய்யும் பெயர் 'சீரியல்'. பிப் கட்டளையில் 'சீரியல்' என்று கொடுத்தால் தொடர்பே இல்லாத வேறொரு தொகுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் கோப்புக்கும் 'சீரியல்' என்று பெயர் வைக்காதீர்கள். வைத்தால் பைத்தான் நூலகத்தை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே இறக்குமதி செய்யும்.

கொடுக்க வேண்டியவை: போர்ட்டின் நிலையான பெயர், 9600 பாட், 8 தரவு பிட், பாரிட்டி இல்லை, 1 நிறுத்த பிட், டைம்அவுட் 1 வினாடி, 'எக்ஸ்க்ளூசிவ்' ஆம். டைம்அவுட் கொடுக்காவிட்டால் சென்சார் நின்றுபோகும் நாளில் நிரலும் அதே வரியில் உறைந்து நிற்கும். 'எக்ஸ்க்ளூசிவ்' ஏன் என்றால், லினக்ஸ் ஒரே போர்ட்டை இரண்டு நிரல்கள் திறக்க அனுமதிக்கிறது. அப்போது வரும் பைட்டுகள் இரண்டுக்கும் பிரிந்து போகும், யாருக்கும் முழுச் செய்தி கிடைக்காது. பின்னணியில் மறந்துபோய் ஓடும் பழைய நிரல்தான் 'சில சமயம் மட்டும் வரும்' பிழைகளுக்கு அடிக்கடி காரணம்.

வேகத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், 8 தரவு பிட், நிறுத்த பிட் என மொத்தம் 10 பிட். எனவே 9600 பாட்டில் வினாடிக்கு 960 பைட், ஒரு பைட்டுக்கு ஏறத்தாழ 1.04 மில்லிவினாடி. நமது 32 பைட் ஃபிரேம் முழுதும் வந்துசேர 33 மில்லிவினாடி ஆகும். கணினிக்கு இது மிக நீண்ட நேரம். அதனால்தான் 'தரவு வந்துவிட்டது' என்று தெரிந்தவுடன் படித்தால் பாதிதான் கையில் வருகிறது.

ஃபிரேமின் உடல்

பிஎம்எஸ்5003 அனுப்பும் ஒரு ஃபிரேம் பதின்ம எண்களில் இப்படி இருக்கும்:

66 77 0 28
0 17 0 26 0 31
0 17 0 26 0 31
11 79 3 74 0 148 0 14 0 4 0 2
151 0
3 37

முதல் இரண்டும் தொடக்கக் குறி. 0, 28 என்பது நீளம்: இதற்குப் பிறகு 28 பைட் வரும். அடுத்து இரண்டிரண்டு பைட்டாக 13 எண்கள். முதல் மூன்றும் தொழிற்சாலைச் சூழலுக்கான பிஎம் 1, பிஎம் 2.5, பிஎம் 10 (முறையே 1, 2.5, 10 மைக்ரோமீட்டர் வரையிலான தூசியின் அளவு). அடுத்த மூன்றும் சாதாரண வெளிக்காற்றுக்கான அதே அளவுகள். வீட்டிலும் தெருவிலும் பயன்படுத்த வேண்டியவை இவைதான். அதன்பின் வரும் ஆறு எண்கள் 0.1 லிட்டர் காற்றில் 0.3, 0.5, 1, 2.5, 5, 10 மைக்ரோமீட்டரைவிடப் பெரிய துகள்கள் எத்தனை என்பன. 13-ஆவது எண்ணின் முதல் பைட் பதிப்பு, இரண்டாவது பைட் பிழைக் குறி. கடைசி இரண்டு பைட்டும் செக்சம்.

ஒவ்வொரு எண்ணிலும் பெரிய பைட் முன்னால் வருகிறது. 11, 79 என்றால் 11 × 256 + 79 = 2895. வரிசையை மாற்றிப் படித்தால் 26 என்பது 6656 ஆகும். ஒரு பைட் தள்ளிப் படித்தாலும் அதே 6656. இரண்டையும் வேறுபடுத்துவது எளிது: எப்போதுமே தவறாக இருந்தால் பைட் வரிசைக் கோளாறு, திடீரென்று தவறானால் எல்லைக் கோளாறு. பைத்தானின் 'ஸ்ட்ரக்ட்' தொகுதியில் வடிவத்தின் முதல் குறியாக > போட்டால் பெரிய பைட் முன்னால் என்று எடுத்துக்கொள்ளும்.

செக்சம் வெறும் கூட்டல். முதல் 30 பைட்டையும் கூட்டுங்கள்: 805. கடைசி இரண்டு: 3 × 256 + 37 = 805. பொருந்துகிறது. சி மொழியில் இந்தக் கூட்டுத்தொகையை 8 பிட் மாறியில் வைத்தால் 255-க்கு மேல் சுழன்றுவிடும், ஒருபோதும் பொருந்தாது. 16 பிட் வேண்டும். இன்னொரு பள்ளமும் உண்டு. பைட்டுகளை வெறும் 'கேர்' வகையில் வைத்தால், சாதாரண மடிக்கணினியில் அது குறியுள்ள எண். 148 என்பது −108 ஆகிவிடும். ராஸ்பெரி பையின் ஆர்ம் செயலியில் அதே 'கேர்' குறியற்றது. ஆகவே அங்கே சரியாக ஓடும் நிரல் மடிக்கணினியில் தோற்கும். 'யூஇன்ட்8_டி' என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

பார்சர்

விதி ஒன்றுதான்: போர்ட்டிலிருந்து எடுப்பதையும் செய்தியாகப் பிரிப்பதையும் தனித்தனியாக வையுங்கள். எடுக்கும் பகுதி எத்தனை பைட் வந்தாலும் வாங்கி, பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பின் வாலில் சேர்க்கும். பிரிக்கும் பகுதி, அதாவது பார்சர், பஃபரை மட்டும் பார்க்கும். போர்ட் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியக் கூடாது.

எடுக்கும் பகுதி:

திரும்பத் திரும்பச் செய்:
— காத்திருக்கும் பைட்டுகளின் எண்ணிக்கை, 1, இரண்டில் பெரியதைக் கேட்டுப் படி
— வந்ததைப் பஃபரின் கடைசியில் சேர்
— பிரிக்கும் பகுதியை அழை

காத்திருக்கும் எண்ணிக்கையை 'இன்_வெயிட்டிங்' சொல்லும். அது 0 ஆக இருந்தாலும் 1 பைட் கேட்பதால் நிரல் ஒரு பைட் வரும்வரை, அல்லது டைம்அவுட் ஆகும்வரை, அமைதியாகத் தூங்கும். செயலியை வீணாகச் சுழற்றாது.

பிரிக்கும் பகுதி:

திரும்பத் திரும்பச் செய்:
1. பஃபரில் 66, 77 அடுத்தடுத்து வரும் முதல் இடத்தைத் தேடு. இல்லையென்றால், கடைசி பைட் 66 ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கு. 66 இல்லையென்றால் எல்லாவற்றையும் நீக்கு. வெளியேறு.
2. அந்த இடத்துக்கு முன்னால் இருப்பதை நீக்கு.
3. பஃபரில் 4 பைட் இல்லையென்றால் வெளியேறு.
4. நீளம் = மூன்றாவது பைட் × 256 + நான்காவது பைட். 28-உம் இல்லை, 4-உம் இல்லை என்றால் முதல் பைட்டை மட்டும் நீக்கி 1-க்குப் போ.
5. பஃபரில் நீளம் + 4 பைட் இல்லையென்றால் வெளியேறு.
6. செக்சம் பார். பொருந்தாவிட்டால் பிழைக் கணக்கில் ஒன்று கூட்டி, முதல் பைட்டை மட்டும் நீக்கி 1-க்குப் போ.
7. ஃபிரேமை வெளியே கொடு. நீளம் + 4 பைட்டுகளை நீக்கு. 1-க்குப் போ.

சிறிய நிரல்தான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் உண்டு.

முதல் படியில் கடைசி 66-ஐ ஏன் காப்பாற்ற வேண்டும்? ஒரு 'ரீட்' 66-உடன் முடிந்து, 77 அடுத்த 'ரீட்'டில் வரலாம். அதை வீசிவிட்டால் ஒரு முழு ஃபிரேம் போச்சு.

நான்காவது படியில் நீளத்தைச் சோதிக்காமல் நம்பினால் பெரிய ஆபத்து. குப்பை பைட்டுகளில் தற்செயலாக 66, 77 வந்து, நீளம் 40,000 என்று தெரிந்தால் நிரல் 40,000 பைட்டுக்காகக் காத்திருக்கும். ஒரு ஃபிரேம் வினாடிக்கு ஒன்று வந்தால் இருபது நிமிடம் ஒன்றும் வெளிவராது. 4 என்ற நீளம் எதற்கு என்றால், சென்சாருக்கு நிலை மாற்றும் கட்டளை அனுப்பினால் 8 பைட் கொண்ட சிறிய பதில் வரும். அதன் நீளப் புலத்தில் 4 இருக்கும்.

தொடக்கக் குறி தரவுக்குள்ளேயே வருமா? வரும். 0.3 மைக்ரோமீட்டர் துகள் எண்ணிக்கை 16,973 ஆக இருந்தால் அதன் இரண்டு பைட்டும் 66, 77-தான். போகி அன்று விடியற்காலையில் இந்த எண் எட்டாக்கனி இல்லை. ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் ஓட்டத்தில் இதனால் தொல்லை இல்லை, ஏனென்றால் ஃபிரேமை மொத்தமாக எடுத்துவிடுகிறோம். நிரலை ஃபிரேமின் நடுவில் தொடங்கும்போதுதான் ஏமாறக்கூடும். அப்போது நீளச் சோதனையும் செக்சமும் காப்பாற்றும்.

ஆறாவது படிதான் பலர் தவறு செய்யும் இடம். செக்சம் பொருந்தாவிட்டால் 32 பைட்டையும் தூக்கிப் போடுகிறார்கள். நடுவில் ஒரு பைட் தொலைந்திருந்தால், அந்த 32-க்குள் அடுத்த நல்ல ஃபிரேமின் தலை மாட்டிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்து எறிந்துவிடுவீர்கள். ஒரே ஒரு பைட்டை நீக்கிவிட்டு மீண்டும் தேடுங்கள். நல்லது எதுவும் போகாது.

அதேபோல், படிக்கும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளீட்டுப் பஃபரைக் காலி செய்யும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரேமின் தலையை வெட்டுகிறது. போர்ட்டைத் திறந்தவுடன் ஒருமுறை காலி செய்வது சரி, அதற்கு மேல் வேண்டாம்.

சுழற்சிக்குள் ஐந்து வினாடித் தூக்கம் வைத்து, விழித்ததும் ஒரு ஃபிரேம் மட்டும் படிக்கிற நிரல்களும் உண்டு. சென்சார் வினாடிக்கு ஒன்று அனுப்பினால், ஒவ்வொரு சுற்றிலும் நான்கு ஃபிரேம் இயங்குதளத்தின் பஃபரில் தேங்கும். அந்தப் பஃபர் 4096 பைட் என்று வைத்தாலும் 128 ஃபிரேம் வரிசையில் நிற்கும். ஐந்து வினாடிக்கு ஒன்று எடுத்தால் திரையில் தெரிவது பத்து நிமிடத்துக்கும் மேல் பழைய காற்று. எண்கள் நம்பும்படி இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. எப்போதும் முழு வேகத்தில் படியுங்கள். ஐந்து வினாடிக்கு ஒன்று போதுமென்றால் படித்தபின் வடிகட்டுங்கள். தரவுத்தளத்தில் எழுதுவது போன்ற மெதுவான வேலையைத் தனி இழையில் வைத்து, இடையில் ஒரு வரிசையால் இணையுங்கள்.

கூட்டல் செக்சம் வலுவானதல்ல. இரண்டு பைட் இடம் மாறினால் அதற்குத் தெரியாது. எனவே இயற்பியலையும் துணைக்கு அழையுங்கள். பிஎம் 1 ஒருபோதும் பிஎம் 2.5-ஐ மீறாது, அது பிஎம் 10-ஐ மீறாது. துகள் எண்ணிக்கைகளும் சிறிய அளவிலிருந்து பெரியதற்குப் போகப் போகக் கூடாமல் இறங்கியே வர வேண்டும். இதை மீறும் ஃபிரேமைக் கோப்பில் எழுதாதீர்கள். சென்சார் தூக்கத்திலிருந்து விழித்த முதல் 30 வினாடி தரவையும் விட்டுவிடுங்கள். மின்விசிறி காற்றோட்டத்தை நிலைப்படுத்த அவ்வளவு நேரம் வேண்டும்.

வரி வரியாக வரும் தரவு

ஜிபிஎஸ் தொகுதிகள் அனுப்புவது எழுத்து வரிகள். ஒவ்வொரு வரியும் $ குறியில் தொடங்கி, * குறிக்குப் பிறகு இரண்டு பதினாறடிமான இலக்கங்களாகச் செக்சம் வந்து, 13, 10 ஆகிய பைட்டுகளில் முடியும். இங்கே எல்லைக்குறி 10 என்ற பைட். மற்றபடி அதே பஃபர் முறைதான்: 10 வரும்வரை சேர்த்து, வெட்டி, சோதித்துப் பிரிக்க வேண்டும்.

'ரீட்லைன்' எளிதாகத் தோன்றும். ஆனால் டைம்அவுட் ஆனால் அது அரை வரியையும் முழு வரி போலவே திருப்பித் தரும். கடைசி பைட் 10 தானா என்று பார்க்காவிட்டால் உடைந்த வரியைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். எழுத்தாக மாற்றும் முன்பே, பைட் நிலையில் செக்சம் பாருங்கள்: $ குறிக்கும் * குறிக்கும் நடுவே உள்ள எல்லா பைட்டுகளின் எக்ஸார் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1 தரும் கணக்கு). முதலில் எழுத்தாக மாற்றப் போனால், திறந்தவுடன் வரும் குப்பை பைட்டில் யூடிஎஃப்-8 பிழை வந்து நிரல் விழும். வரி 82 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்த வரிகளுக்கான என்எம்இஏ 0183 தரத்தின் விதி. ஆகவே 200 பைட் சேர்ந்தும் 10 வரவில்லையென்றால் பஃபரை எறிந்துவிடலாம்.

கால்புள்ளியில் பிரிக்கும்போது வெற்றுப் புலங்களைக் கவனியுங்கள். வானம் தெரியாத இடத்தில் தொகுதி அட்சரேகைப் புலத்தைக் காலியாக அனுப்பும். இரண்டு கால்புள்ளி ஒட்டி வரும். சி மொழியின் 'எஸ்டிஆர்டோக்' அடுத்தடுத்த கால்புள்ளிகளை ஒன்றாக எண்ணிவிடும். புலங்கள் எல்லாம் ஒரு இடம் நகர்ந்து, திசை எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தீர்க்கரேகை உட்காரும். 'எஸ்டிஆர்செப்' அப்படிச் செய்யாது. இடத்தையும் நேரத்தையும் சொல்லும் ஆர்எம்சி வரியில் இரண்டாவது புலம் 'ஏ' என்று இருந்தால் மட்டுமே இடம் நம்பத்தக்கது. 'வி' என்றால் இல்லை. வரியின் பெயரை முழுதாக ஒப்பிடாமல் கடைசி மூன்று எழுத்தை மட்டும் ஒப்பிடுங்கள். ஜிபிஎஸ் மட்டும் பார்க்கும் தொகுதி 'ஜிபி' என்று தொடங்கும், பல செயற்கைக்கோள் அமைப்புகளைச் சேர்த்துப் பார்ப்பது 'ஜிஎன்' என்று தொடங்கும்.

அட்சரேகை 1304.9620 என்று வந்தால் அது 13 பாகை, 4.9620 கலை. கலையை 60-ஆல் வகுத்துக் கூட்டினால் 13.0827, சென்னை. முழு எண்ணையும் 100-ஆல் வகுத்துவிட்டால் 13.0496 வரும், வரைபடத்தில் மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே தள்ளிப் போய் நிற்பீர்கள். ஊர் சரியாக இருப்பதால் இந்தப் பிழை வெகுநாள் கண்ணில் படாது.

ஆர்டுயினோவிலிருந்து நீங்களே அனுப்பும் தரவானால் ஒன்றைக் கவனியுங்கள். கணினி போர்ட்டைத் திறக்கும்போது டிடிஆர் முனை அசைந்து, ஊனோ மறுதொடக்கம் ஆகும். ஏறத்தாழ இரண்டு வினாடி பூட்லோடருக்குப் போய்விடும். அதற்குள் அனுப்பிய கட்டளை தொலையும். ஆர்டுயினோ பக்கம் பெறும் பஃபர் 64 பைட்தான், 9600 பாட்டில் 66 மில்லிவினாடியில் நிரம்பிவிடும். நீண்ட 'டிலே' வைத்தால் மீதி காற்றோடு போகும். வரி அமைப்பை நீங்களே தீர்மானிக்கும் வாய்ப்பு இருப்பதால், ஒரு வரிசை எண்ணையும் செக்சமையும் சேர்த்து அனுப்புங்கள். வரிசை எண் தாவினால் எத்தனை வரி தொலைந்தது என்பது உடனே தெரியும்.

சென்சார் இல்லாமலே சோதித்தல்

பிரிக்கும் பகுதிக்குப் போர்ட் தெரியக் கூடாது என்று சொன்னது இதற்காகத்தான். பத்து நிமிடம் வந்த மூல பைட்டுகளை அப்படியே ஒரு கோப்பில் சேமியுங்கள். அந்தக் கோப்பைப் பார்சருக்கு ஒரே மூச்சில் கொடுங்கள், பிறகு ஒவ்வொரு பைட்டாக, பிறகு 7 பைட்டாக, பிறகு 31 பைட்டாக. நான்கு முறையும் வெளியே வரும் ஃபிரேம்கள் அச்சு மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லையில் பிழை இருக்கிறது.

அடுத்து கோப்பைக் கெடுங்கள். முதல் 11 பைட்டை வெட்டுங்கள். நடுவில் ஒரு பைட்டை நீக்குங்கள். ஒரு பைட்டை மாற்றுங்கள். 66, 66, 77 என்று ஒரு 66-ஐக் கூடுதலாகச் செருகுங்கள். ஒரு பைட் நீக்கினால் ஒரு ஃபிரேம் மட்டும்தான் தொலைய வேண்டும். இரண்டு தொலைந்தால் ஆறாவது படியைத் திரும்பப் பாருங்கள். போர்ட்டையும் சேர்த்துச் சோதிக்க 'சோகேட்' நிரலால் ஒன்றோடொன்று இணைந்த இரண்டு பொய்ப் போர்ட்டுகளை உருவாக்கி, ஒன்றில் கோப்பை ஊற்றி மற்றொன்றில் படிக்கலாம்.

நாள்கணக்கில் ஓடவிடும்போது

யூஎஸ்பி ஒயர் ஒரு கணம் தளர்ந்தாலும் பைசீரியல் விதிவிலக்கு எழுப்பும். அதைப் பிடித்து, போர்ட்டை முதலில் மூடுங்கள். மூடாமல் வைத்திருந்தால் மாற்றி மீண்டும் வரும்போது பழைய எண் பிடிபட்டிருப்பதால் 'டிடிஒய்யூஎஸ்பி1' ஆகிவிடும். இரண்டு வினாடி காத்து, நிலையான பெயரால் திரும்பத் திறந்து, பார்சரின் பஃபரையும் காலி செய்யுங்கள். பிரிவதற்கு முன் வந்த அரை ஃபிரேமும் பின் வந்த பாதியும் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

நல்ல ஃபிரேம் 10 வினாடி வரவில்லையென்றால் திரையில் கடைசி எண்ணை விட்டுவைக்காமல் 'தரவு இல்லை' என்று காட்டுங்கள். உறைந்துபோன 26-ஐப் பார்த்து ஒருவர் சன்னலைத் திறந்து வைக்கலாம்.

மூன்று எண்ணிக்கைகளை மணிக்கு ஒருமுறை பதிவேட்டில் எழுதுங்கள்: நல்ல ஃபிரேம்கள், செக்சம் தவறியவை, தேடும்போது வீசப்பட்ட பைட்டுகள். மூன்றும் 0 என்றால் மின்சாரமோ ஒயரோ இல்லை, அல்லது டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இடம் மாறியிருக்கிறது. வீசப்பட்டவை மட்டும் ஏறினால் பாட் ரேட் தவறு, அல்லது கிரவுண்ட் பொதுவாக இணைக்கப்படவில்லை. தவறியவை நாளுக்கு ஒன்றிரண்டு என்றால் ஒயரில் இரைச்சல். நீளத்தைக் குறைத்துப் பாருங்கள். குறிப்பிட்ட தூசி அளவில் மட்டும் தவறினால் 17, 19 பற்றிச் சொன்னதற்குத் திரும்புங்கள். நல்லவையும் தவறியவையும் ஏறத்தாழ சமமாக ஏறினால், வேறொரு நிரல் அதே போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறதா என்று 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையால் முதலில் பார்த்துவிடுங்கள்.